நல்லதைச் சொல்ல அடிதடிச் சொல்தானா கிடைத்தது?

சுவடிப்பித்தன்:
அண்ணன் மகன் அனுப்பிய செய்தி இது: ‘சித்தப்பா, தம்பி இன்னிக்கு மேட்ச்ல சம்பவம் பண்ணிட்டான்.’ யார் மண்டை உடைந்ததோ என்று பதறிப்போய் போன் போட்டால், சதம் அடித்தானாம்! வெறித்தனம், பயங்கரம், கொலை மாஸ் எல்லாமே இப்போது பாராட்டு. நிஜமாகவே பயங்கரம் ஒன்று நடந்தால் அதைச் சொல்ல என்ன சொல் மிஞ்சும்?

கீச்சுக்காரி:
சொல் தலைகீழாவது இன்று நேற்றா நடக்கிறது ஐயா? ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டது நறுமணத்தைப் பற்றி. இன்று யாரிடமாவது ‘நீங்கள் நாறுகிறீர்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். நாற்றம் கீழே இறங்கியது, சம்பவம் மேலே ஏறுகிறது. இறங்கினால் இலக்கணம், ஏறினால் மட்டும் குற்றமா?

சுவடிப்பித்தன்:
நாற்றம் மாற நூற்றாண்டுகள் பிடித்தன. ‘தூள்’ கதை என்ன? ஒரு காலத்தில் படம் தூள், பாட்டு தூள். இப்போது சொன்னால் வயது தெரிந்துவிடும். இதற்குப் பெயர் மாற்றம் இல்லை, தேய்மானம்.

ஏட்டுச்சுரைக்காய்:
13ஆம் நூற்றாண்டு நன்னூலிலேயே இதற்கு இடம் இருக்கிறது: குழூஉக்குறி. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பார்களாம். வெளியாளுக்குப் புரியக் கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. கல்லூரிப் பேச்சும் பாதி அப்படித்தான். அப்பாக்களும் விளம்பரக்காரர்களும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். ‘தூள்’ தேய்ந்து போகவில்லை சுவடி ஐயா. நீங்கள் எல்லாம் சொல்ல ஆரம்பித்ததால் போனது. (கோபிக்க வேண்டாம், நானும் சொன்னவன்தான்.)

கீச்சுக்காரி:
அப்படியானால் ‘மொக்கை’? முனை மழுங்கிய கத்தி மொக்கை. அப்புறம் சிரிப்பு வராத ஜோக் மொக்கை. இப்போது வகுப்பு, படம், ஞாயிற்றுக்கிழமை எல்லாமே மொக்கை. அப்பாக்களும்தான் சொல்கிறார்கள், சாகவில்லையே?

ஏட்டுச்சுரைக்காய்:
பென்சில் இன்னும் மொக்கையாகிறதே! பழைய பொருள் உயிரோடு இருக்கிறது, புதியது அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதோடு, அது ஒரு குறிப்பிட்ட குறையைச் சொல்கிறது. ‘தூள்’, ‘மாஸ்’ எல்லாம் ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அந்த நாற்காலியில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

சுவடிப்பித்தன்:
என் கேள்வி அப்படியே நிற்கிறது. நிஜ பயங்கரத்துக்கு என்ன சொல்?

கீச்சுக்காரி:
அதே ‘பயங்கரம்’தான். ‘பயங்கரமான விபத்து’ என்றால் யாரும் கை தட்டுவதில்லை. ‘பயங்கர அழகு’ என்றால் யாரும் ஓடுவதில்லை. பக்கத்துச் சொல் பார்த்துக்கொள்ளும்.

சுவடிப்பித்தன்:
பேச்சில் குரல் இருக்கிறது, முகம் இருக்கிறது. கைப்பேசியில் ‘பயங்கரம்’ என்று ஒற்றைச் சொல் வந்து விழுந்தால் எந்தப் பக்கத்துச் சொல்லைப் பார்ப்பது?

கீச்சுக்காரி:
அனுப்பியவர் வயதைப் பாருங்கள்.