போர்டில் எழுதிக்கொண்டே பாடம் எடுக்க 2,500 ரூபாய்க்குள் எந்த மைக்? வாங்கிய கண்டென்சர் மைக்கில் குரலே ஏறவில்லை

கணக்கு டீச்சர்:
வணக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கை வீடியோவாக எடுத்துப் போடுகிறேன். வெள்ளை போர்டில் எழுதிக்கொண்டே பேசுவேன். போன் ஸ்டாண்டில் 2 மீட்டர் தள்ளி நிற்கும். அறை 12-க்கு 10 அடி. டைல்ஸ் தரை, வெறும் சுவர், தலைக்கு மேலே ஃபேன். போன் மைக்கிலேயே எடுத்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது. போர்டு பக்கம் திரும்பினால் பாதி வார்த்தை காணோம்.

பிஎம்-800 என்ற கண்டென்சர் மைக் கைவசம் இருக்கிறது. கூட வந்த ஒயரைக் கம்ப்யூட்டரின் பிங்க் சாக்கெட்டில் சொருகினால் குரல் ரொம்பச் சன்னமாக வருகிறது. வால்யூமைக் கூட்டினால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் கூடுகிறது. மைக் பழுதா? என் போனில் ஹெட்போன் துளை கிடையாது, டைப்-சி மட்டும்தான்.

ஃபேடர்:
டீச்சர், மைக் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்குத் தீனி போதவில்லை. இந்த வகைக் கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது மைக் ஒயர் வழியாகவே போகும் மின்சாரம் வேண்டும். கம்ப்யூட்டரின் மைக் சாக்கெட் தருவது சில வோல்ட்தான். அதில் அரைகுறையாக வேலை செய்யும், சிக்னல் சன்னமாக வரும். அந்தச் சன்னமான சிக்னலை நீங்கள் ஏற்றும்போது சாக்கெட்டின் சொந்த இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது.

அதை முறையாக ஓட்ட 48 வோல்ட் தரும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வேண்டும். பெரிங்கர் யுஎம்2 போன்ற அடிமட்ட மாடல்கூட உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். தாண்டி வாங்கினாலும் உங்கள் வேலைக்கு அது சரிப்படாது. அந்த மைக் வாய்க்கு 15 செ.மீ. முன்னால் ஸ்டாண்டில் நிற்க வேண்டியது, நீங்களோ போர்டுக்கும் கேமராவுக்கும் நடுவே நடக்கிறீர்கள். உட்கார்ந்து பேசும் வேலை வந்தால் பார்க்கலாம். அப்போதும் உச்சியில் பேசாதீர்கள், பக்கவாட்டில் பேச வேண்டிய மைக் அது.

உங்களுக்குத் தேவை காலர் மைக். விலையைவிடத் தூரத்தைப் பாருங்கள். இப்போது வாய்க்கும் மைக்குக்கும் 2 மீட்டர். நெஞ்சில் குத்தினால் 20 செ.மீ. தூரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நேராக வரும் குரல் 20 டெசிபெல் ஏறும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அப்படி ஏறாது, கிட்டத்தட்ட அதே அளவில்தான் நிற்கும். கிணற்றுச் சத்தம் போவது இதனால்தான். 20,000 ரூபாய் மைக்கை 2 மீட்டர் தள்ளி வைத்தால் இந்தப் பலன் கிடைக்காது.

போயா பிஒய்-எம்1 என்ற ஒயர் காலர் மைக் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். 6 மீட்டர் ஒயர், நீங்கள் நடமாடப் போதும். போலிகள் நிறைய ஓடுவதால் சந்தேகமான இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம்.

வீடியோ அண்ணாச்சி:
வயர்லெஸ் வாங்கச் சொல்லலாமே ஃபேடர் சார்? டைப்-சியில் நேரடியாகச் சொருகும் ரிசீவரோடு ஆயிரத்துக்குக் கீழேயே கிடைக்கிறது. டீச்சர் காலில் 6 மீட்டர் ஒயர் சிக்கினால் ஸ்டாண்டோடு போனும் விழும்.

ஃபேடர்:
ஒயர் விஷயம் சரிதான் அண்ணாச்சி. ஒயரை முதுகுப் பக்கம் இடுப்பில் ஒரு முறை செருகி, தரையில் ஓரிடத்தில் டேப் ஒட்டிவிட்டால் இழுப்பு ஸ்டாண்டுக்குப் போகாது.

ஆனால் அந்த விலை வயர்லெஸ்ஸில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, உள்ளேயே இரைச்சலை வெட்டும் வசதி சொற்களின் முனையையும் சேர்த்து வெட்டிவிடும். 'ஆறு', 'ஆறில்', 'ஆறின்' எல்லாம் 'ஆறு' என்றே கேட்டால் கணக்குப் பாடம் என்ன ஆகும்? பல மலிவு மாடல்களில் அதை முழுக்க நிறுத்தவும் முடியாது. இரண்டு, அவை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை. வைஃபையும் அங்கேதான் இருக்கிறது. டீச்சர் போர்டு பக்கம் திரும்பியதும் மைக்குக்கும் ரிசீவருக்கும் நடுவே அவர் உடம்பே நிற்கும். மனித உடம்பு அந்த அலையை நன்றாக உறிஞ்சும், சத்தம் விட்டுவிட்டு வரும். பட்ஜெட் கூடினால் நல்ல வயர்லெஸ் பார்க்கலாம். 2,500-க்குள் நான் ஒயரைத்தான் சொல்வேன்.

சால்டரிங் தம்பி:
எம்1 மைக்கின் முனை ஹெட்போன் துளைக்கானது, உங்கள் போனில் சொருக டைப்-சி கன்வெர்ட்டர் வேண்டும். அந்த விஷயத்தில் கவனம் டீச்சர். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இரண்டு வகை. ஒன்றில் வெறும் ஒயர் மட்டும். டைப்-சி வழியாக அனலாக் சத்தம் விடும் சில போன்களில்தான் அது வேலை செய்யும். இன்னொன்றில் டிஏசி சிப் (டிஜிட்டல் சத்தத்தை அனலாக்காக மாற்றுவது) இருக்கும். அதுதான் வேண்டும். டிஏசி இருந்தும் மைக் லைன் இல்லாமல், பாட்டுக் கேட்க மட்டும் உதவுவதும் உண்டு. கடையிலேயே உங்கள் போனில் சொருகி, மைக் வைத்த சாதா ஒயர் இயர்போனைப் போட்டு, ரெக்கார்டர் ஆப்பில் பேசிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் ஹெட்போன் துளையுள்ள பழைய போன் கிடந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம். அதில் மைக்கைச் சொருகி, ரெக்கார்டரை ஓடவிட்டு, ஏரோபிளேன் மோடில் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ வழக்கம்போலப் புதுப் போனில். தொடங்கும்போது கேமரா முன்னால் ஒரு கைதட்டல், முடிக்கும்போது இன்னொன்று. எடிட்டிங்கில் இரண்டு ஃபைலிலும் கைதட்டிய இடத்தை ஒன்றாக வைத்தால் உதடும் ஒலியும் பொருந்தும். இரண்டு போன்களின் கடிகாரமும் துளி வித்தியாசமாக ஓடும். அதனால் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக எடுங்கள். காலில் ஒயர் சிக்கும் பிரச்சினையும் இதோடு தீர்ந்தது, அண்ணாச்சி.

கணக்கு டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. பழைய போன் இல்லை. எம்1 மைக்கும் டிஏசி உள்ள கன்வெர்ட்டரும் வாங்கிவிட்டேன், கடையில் ரெக்கார்டர் ஆப்பில் நன்றாகவே பதிந்தது. வீட்டில் வீடியோ எடுத்தால் பழைய கிணற்றுச் சத்தமே வருகிறது. மைக் ஒயரில் உள்ள சின்னப் பெட்டியில் இருக்கும் ஸ்விட்சை எந்தப் பக்கம் வைக்க வேண்டும்?

சால்டரிங் தம்பி:
ஸ்விட்ச் 'ஸ்மார்ட்போன்' பக்கம் இருக்கட்டும். போனே மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும், உள்ளே இருக்கும் எல்ஆர்44 பட்டன் செல் தேவைப்படாது. மறந்துபோய் 'கேமரா' பக்கமே வைத்துவிட்டால் செல் தீர்ந்துபோகும்.

முதலில் எந்த மைக் பதிகிறது என்று கண்டுபிடியுங்கள். வீடியோ ஓடும்போது காலர் மைக்கை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள், பிறகு போனின் அடிப்பக்கத் துளையைச் சுரண்டுங்கள். திருப்பிப் போட்டுக் கேட்டால் எந்தச் சுரண்டல் பெரிதாகக் கேட்கிறதோ அந்த மைக்தான் பதிந்திருக்கிறது. ரெக்கார்டரில் வேலை செய்து வீடியோவில் செய்யவில்லை என்றால், போனோடு வந்த கேமரா ஆப் வெளி மைக்கை எடுக்கவில்லை என்று அர்த்தம். ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப்பைப் போடுங்கள். செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குள் ஆடியோ சோர்ஸ் என்று இருக்கும். அதில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.

ஒப்போ, விவோ, ரியல்மி போன்ற போன் என்றால் செட்டிங்ஸில் ஓடிஜி-யையும் (டைப்-சியில் வெளிக் கருவிகளை இணைக்கும் வசதி) ஆன் செய்ய வேண்டியிருக்கும். சிறிது நேரம் சும்மா இருந்தால் அது தானாக அணைந்துவிடும். ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு டீச்சர்:
ஓப்பன் கேமராவில் பதிகிறது! குரல் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் எழுதும்போது 'சர்சர்' என்று உரசலும் 'டிக் டிக்' என்று ஏதோ இடிப்பதும் கேட்கிறது. சார்ஜரோடு இணைத்த ஹப்பில் போட்டால் 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம் வேறு.

ஃபேடர்:
ரீங்காரம் சார்ஜரால். கழற்றிவிட்டு பேட்டரியிலேயே எடுங்கள், இல்லாவிட்டால் பவர் பேங்க்.

'டிக் டிக்' உங்கள் கழுத்துச் செயின் மைக்கில் இடிப்பது. செயினை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். எழுதும் கையில் வளையல் வேண்டாம். மைக்கைத் தோள் பக்கம் குத்தாமல் நெஞ்சு நடுவில், தாடையில் இருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். தோளில் குத்தினால் தலையைத் திருப்பும்போதெல்லாம் சத்தம் ஏறி இறங்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவையும் பட்டும் சரசரக்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன காட்டன் நல்லது. கிளிப்புக்குக் கீழே ஒயரைச் சின்ன வளையமாகச் சுற்றி, மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பால் துணியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒயர் உரசும் சத்தம் மைக்குக்கு ஏறாமல் அந்த வளையம் தடுத்துவிடும். பஞ்சு உறையைக் கழற்றாதீர்கள், ஃபேன் காற்று நேராக மைக்கில் அடித்தால் 'புப்புப்' என்று கேட்கும்.

வீடியோ அண்ணாச்சி:
மிச்ச எதிரொலிக்கு முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள், செய்யாதீர்கள். மெல்லிய அட்டை, பேச்சுக் குரலை அது உறிஞ்சாது. பஞ்சு மெத்தையைப் போனுக்குப் பின்னால் நிமிர்த்தி, சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நீங்கள் பார்த்துப் பேசும் சுவர் அதுதான். தரையில் கனத்த ஜமக்காளம் ஒன்று. பக்கச் சுவருக்குப் போர்வையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டால் போதும்.

கணக்கு டீச்சர்:
ஃபேனை நிறுத்தினால் இந்த வெயிலில் பத்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. ஓடவிட்டு, அந்தச் சத்தத்தைப் பிறகு ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் எடுத்துவிடலாமா?

ஃபேடர்:
குறைந்த வேகத்தில் ஓடட்டும். தொடக்கத்தில் 5 விநாடி பேசாமல் நில்லுங்கள், அறையின் இரைச்சல் மட்டும் பதியட்டும். ஆடாசிட்டியில் முதலில் ஹை-பாஸ் ஃபில்டர் 100 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழே உள்ள உறுமலை அது குறைக்கும். பிறகு அந்த 5 விநாடியைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷனில் மாதிரியாகக் கொடுத்து, முழு டிராக்குக்கும் 6 முதல் 9 டெசிபெல் வரை மட்டும் குறையுங்கள். 20, 25 என்று போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். கொஞ்சம் ஃபேன் சத்தம் மிஞ்சினால் மாணவர்களுக்கு ஒன்றும் ஆகாது, சொல் சிதைந்தால்தான் பாடம் புரியாது.

வீடியோ ஃபைல் ஆடாசிட்டியில் திறக்கவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச இணைப்பை நிறுவுங்கள். கடைசியாக லவுட்னஸ் நார்மலைசேஷனை (மொத்தச் சத்த அளவைச் சரிசெய்வது) −14 எல்யுஎஃப்எஸ்-இல் வையுங்கள். எல்யுஎஃப்எஸ் என்பது காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு. அதைவிடச் சத்தமாக இருப்பதை யூடியூப் தானே குறைத்துவிடும், சன்னமாக இருப்பதை ஏற்றிக் கொடுக்காது.