பொருள்: கேடயப்பொறி, பொறியுரை: அணிச் சின்னத்துக்கான சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் கால்பந்துக் குழுவுக்குச் சின்னம் வரைய உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டத்துக்குள் பந்தும் புலியும் போட்டு முடிப்பதில் அவர்களுக்கு விருப்பமில்லை. கேடய வடிவம் வேண்டும், அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பொருள் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் தமிழிலேயே பேசி முடிவெடுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்காக இங்கே சொற்கள் கேட்டிருந்தேன். வந்த மறுமொழிகளுக்கு என் கருத்தைச் சொல்கிறேன்.

> இலச்சினை என்று நல்ல சொல் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, இலச்சினை எனக்கும் பிடித்த சொல். ஆனால் இன்று அது வங்கியின் சின்னத்தையும் பள்ளியின் முத்திரையையும் சேர்த்தே குறிக்கிறது. வங்கிச் சின்னம் என்பது குறிப்பிட்ட ஒரு படம். கோட்டின் தடிப்பு மாறினாலே தவறு என்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வேர்பிடித்த கேடயச் சின்னக் கலையின் அடிப்படையே வேறு. அங்கே சின்னம் சொற்களில் வாழ்கிறது. ‘நீலப் பரப்பில், பின்னங்கால் ஊன்றி எழுந்த பொன் சிங்கம் ஒன்று’ என்று எழுதிவிட்டால் போதும். பத்து ஓவியர்கள் பத்து விதமாக வரைந்தாலும் பத்தும் ஒரே சின்னம்தான். சிங்கத்தின் பிடரி எத்தனை சுருள் என்பது ஓவியரின் உரிமை. அது எழுந்து நிற்கிறதா, நடக்கிறதா என்பது அவர் உரிமையில் இல்லை.

அதனால்தான் மொத்தத்துக்கு ஒரு சொல் கிடைத்தால் போதாது, உறுப்புகளுக்கும் சொல் வேண்டும் என்கிறேன். விவரிப்பில் சொல் தளர்ந்தால் சின்னமே தளர்ந்துவிடும்.

‘மரபுச் சின்னம்’ புழக்கத்தில் இருப்பது தெரியும். நாட்டுக்கும் அரச குடும்பத்துக்கும் அது பொருந்தும். நேற்று சேர்ந்த பதினோரு பிள்ளைகளுக்கு மரபு இனிமேல்தானே உண்டாக வேண்டும்?

என் பரிந்துரை ‘பொறி’. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்கள் பண்ட மூட்டைகளில் ‘புலி பொறித்துப் புறம் போக்கி’ அனுப்புகிறார்கள். சேரனின் விற்பொறியும் புறநானூற்றில் வருகிறது. கேடயத்தின்மேல் இடப்படும் புலி, வில், இலை, பிறை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பொறி. எல்லாம் சேர்ந்த முழுச் சின்னம் கேடயப்பொறி. அதைச் சொல்லும் வாசகம் பொறியுரை.

> பொறி என்றால் எந்திரம் என்றல்லவா நினைப்பார்கள்? எலிப்பொறி வேறு இருக்கிறது.

பெயர்ச்சொல்லாக நிற்கும்போது அந்தக் குழப்பம் வரலாம். வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘பெயர் பொறித்த மோதிரம்’ என்றால் யாரும் எந்திரத்தை நினைப்பதில்லை. புலிப்பொறி, இலைப்பொறி என்று முன்னொட்டோடு வரும்போது பொருள் தானே தெளியும். இதைவிட எனக்குக் கவலை ‘கேடயம்’ பற்றித்தான். நம் ஊரில் கேடயம் என்றாலே பரிசளிப்பு விழாவில் மேடையில் கொடுப்பது. சுழற்கேடயம் எல்லாருக்கும் தெரியும். பரிசை, கிடுகு என்ற பழஞ்சொற்களைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், அகராதி இல்லாமல் ஒட்டவில்லை. கேடயமே இருக்கட்டும் என்பது என் முடிவு.

அடுத்தது வலம், இடம். இதை இழுத்துப் பேசியே ஆக வேண்டும். இக்கலையில் வலம் என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலக்கை. பார்ப்பவருக்கு அது இடப்பக்கம். புதிய சொல் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஈப்போ நண்பர் எழுதியிருந்தார். தேவையில்லை என்று நினைக்கிறேன். உமையொருபாகனின் இடப்பாகம் அம்மைக்கு என்கிறோம். சிலைக்கு எதிரே நிற்கும் நமக்கு அது வலப்பக்கமாகத்தான் தெரிகிறது. சிலையின் பக்கத்தை வைத்தே சொல்லிப் பழகியவர்கள் நாம். வலம், இடம் அப்படியே நிற்கட்டும். பொறியுரையின் தலைப்பில் ‘ஏந்துவோர் வலம்’ என்று ஒருமுறை குறித்தால் போதும்.

இந்தத் திசைக் கணக்கில்தான் எங்கள் தோட்டம் கேடயத்துக்குள் வந்தது. ஏந்துவோர் வலமேல் மூலையிலிருந்து இடக்கீழ் மூலைக்கு இறங்கும் பட்டைதான் இக்கலையின் அடிப்படைப் பட்டைகளில் ஒன்று. பார்ப்பவருக்கு அது இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும். பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பாலெடுக்கப் போடும் வெட்டும் அதே சாய்வு! மரப்பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஓடுவதில்லை, மரத்தைப் பார்த்து நிற்பவருக்குச் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அவருக்கு இடமேலிருந்து வலக்கீழாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். தீம்பாரில் (பால்மரக் காட்டில்) நிரை நிரையாக வெட்டிய நம் அம்மாக்களின் கைக்கு இது தெரியும். கேடயத்தின் அந்தப் பட்டைக்குச் ‘சாய்பட்டை’ என்றும், எதிர்த்திசையில் சாய்வதற்கு ‘எதிர்ச்சாய்பட்டை’ என்றும் வைக்கலாம். வெள்ளைச் சாய்பட்டை ஒன்று போட்டால் பாலும் வெட்டும் சேர்ந்தே வந்துவிடும். கத்தியும் மங்கும் (பால் வடியும் கிண்ணமும்) வரைய வேண்டியதில்லை.

முழு மரத்தை வரையலாம் என்றவர்களுக்கு: சட்டையில் இரண்டு விரல் அகலத்தில் மரம் வெறும் புதராகத் தெரியும். பால்மரத்தின் இலை ஒரே காம்பில் மூன்றாகப் பிரியும். அந்த மூவிலையே போதும். 1877இல் கோலகங்சாரில் நட்ட முதல் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக அங்கே நிற்கிறது, எங்களுக்குப் பக்கத்து ஊர். செம்பனை (எண்ணெய்ப்பனை) சூழ்ந்துவிட்ட காலத்திலும் மூவிலை எங்களுடையது.

பெயரைப் படமாக்கும் பொறிக்கும் சொல் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு நகரச் சின்னத்தில் ஒரு காளை ஆற்றைக் கடக்கும், ஊர்ப்பெயரின் பொருளே அதுதான். நம் நாட்டுச் சின்னத்தில் பினாங்குக்குப் பாக்கு மரம், மலாக்காவுக்கு மலாக்கா மரம். இதற்குச் ‘சிலேடைப்பொறி’ என்று அக்கா ஒருவர் எழுதியதைப் படித்ததும் மகிழ்ந்தேன், மாற்றே வேண்டாம். சிப்புட் என்றால் நத்தை. நத்தை மெதுவாகப் போகும் என்று முன்வரிசை ஆட்டக்காரர்கள் மறுத்தார்கள். நத்தையை விட்டு அதன் மேலோடு மட்டும், ஒரு சுருளாக வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நிற விதி சுருக்கமாக. பொன்னும் வெள்ளியும் ஒரு வகை. மஞ்சளும் வெள்ளையும் அவற்றின் இடத்தில் வரும். சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா மற்றொரு வகை. ஒரு வகையின்மேல் அதே வகையை வைக்கக் கூடாது, தூரத்திலிருந்து தெரியாது என்பதே காரணம். முதல் வகைக்கு ‘ஒளிநிறம்’, இரண்டாவதற்கு ‘அடர்நிறம்’ என்கிறேன். ‘உலோகநிறம்’ நேர்ச்சொல்தான், ஆனால் பிள்ளைகள் உடனே மினுமினுக்கும் தாளைத் தேடுகிறார்கள்.

கேடயத்தை இருபுறமும் பிடித்து நிற்கும் விலங்குகளுக்குத் ‘தாங்கி’ என்றால் தண்ணீர்த் தொட்டியோடு மோதும். ‘ஏந்துவிலங்கு’ என்போம். நம் நாட்டுச் சின்னத்தின் இரு புலிகளும் ஏந்துவிலங்குகள். தலைக்கவசத்தின்மேல் அமரும் உருவுக்குச் ‘சூட்டு’. சேவலின் கொண்டைக்கு இலக்கியத்தில் உள்ள பெயர் அது. ஆங்கிலத்தில் இதற்குரிய ‘கிரெஸ்ட்’ என்ற சொல்லாலேயே கால்பந்துச் சின்னம் முழுவதையும் அழைக்கிறார்கள், அந்தத் தளர்ச்சி நமக்கு வேண்டாம். எங்கள் குழுவுக்கு இந்த இரண்டும் தேவையில்லை, கேடயம் மட்டும் போதும்.

இதுவரை எழுதிய பொறியுரை:

‘பச்சைப் பரப்பு, வெள்ளிச் சாய்பட்டை ஒன்று, பட்டைக்கு மேலே பொன் நத்தை ஓடு ஒன்று, கீழே பொன் மூவிலை.’

இதை மட்டும் வைத்துக்கொண்டு, வேறெதுவும் கேட்காமல், குழுவில் வரையத் தெரிந்தவர்கள் வரைந்து அனுப்புங்கள். படங்கள் எங்கே வேறுபடுகின்றன என்று பார்த்தால் எந்தச் சொல்லை இறுக்க வேண்டும் என்பது தெரியும். நத்தையோட்டின் வாய் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லையே என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறான். ‘வலம் நோக்கிய’ என்று சேர்ப்பதா, சொல்லாவிட்டால் வலமே என்று பொதுவிதி வைப்பதா? நான் இரண்டாவதன் பக்கம்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து