டாப்சிலிப்பில் புலி கேட்காதீங்க

பொள்ளாச்சிக்காரர்:

டாப்சிலிப் காட்டுக்குப் போகிற வழியில், சேத்துமடை செக்போஸ்ட்டில் பையைப் பிரித்து பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கும்போதே நம் ஆட்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள், "இன்னிக்குப் புலி தென்படுமுங்களா?" ஆனைமலை புலிகள் காப்பகம் என்று பலகை வைத்திருக்கிறார்களே, கேட்கத்தான் செய்வார்கள். புலி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள் நிறைந்த வனத்துறை வேனில் குலுங்கிக்கொண்டு போய்வருகிற நேரத்துக்குள் அது வந்து நின்று படம் கொடுக்கும் என்பது பேராசை. என்னைக் கேட்டால், வழிகாட்டியிடம் செந்நாயை விசாரியுங்கள். பகல் வெளிச்சத்தில் கூட்டமாக வேட்டைக்கு இறங்குகிற மிருகம் அது. கேமராவுக்கு வேண்டியது அந்த வெளிச்சம்தானே.

மழை விட்ட ஒரு காலையில் போயிருந்தோம். எங்களோடு வந்த வழிகாட்டி மலசர் பழங்குடி, கோழிகமுத்தி யானை முகாமில் வளர்ந்தவர். திடீரென்று வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். கடமான் ஒன்று பள்ளத்திலிருந்து கத்துகிறது. எனக்கு அது ஏதோ ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "ஒருக்கா கத்துனா நம்மளப் பார்த்துக்கூட கத்தியிருக்கும். விட்டு விட்டு அங்கேயே நின்னு கத்துது பாருங்க, எதையோ கண்ணுல பாத்துருச்சு" என்றார். பின் சீட்டில் ஒருவர் போனில் வீடியோ ஓட விட்டிருந்தார். வழிகாட்டி திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அது நின்றது.

மூங்கில் தூரிலிருந்து முதல் செந்நாய் வெளியே வந்தது. நம் ஊர் நாய் உயரம்தான், ஆனால் செம்மண் நிறம், வால் மட்டும் கறுப்பாக, புசுபுசுவென்று. காது நுனி வட்டமாக இருந்தது, உள்ளே வெள்ளை முடி. முன்னங்காலைத் தூக்கியபடி எங்களைப் பார்த்தது. மோவாயில் ரத்தம் இன்னும் காயவில்லை. அது குரைக்கவே இல்லை. உள்ளிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது, அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. படத்தில் பாதி மூங்கில் கிளைதான். ஆனாலும் அந்தக் கால் தூக்கிய படம் ஒன்று போதும் எனக்கு.

வால்பாறைக்காரர்:

அண்ணா சொல்வது சரி. நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், சஃபாரி டிக்கெட்டே வேண்டாமுங்க. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது நாற்பது கொண்டை ஊசியில் ஒன்பதாவதில் நிறுத்திப் பாருங்கள். வரையாடு சாலையோரச் சுவரிலேயே நிற்கும். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் சேர்த்து 1,031 தான் எண்ணினார்கள். அதில் சில, நம் கார் கண்ணாடியை எட்டிப் பார்க்கின்றன! கிடா முதிர்ந்தால் உடம்பு கறுத்து முதுகில் வெளுத்த திட்டு விழும், அதைத் தேடி எடுங்கள். பிஸ்கட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வால்பாறை பக்கத்துப் புதுத்தோட்டத்துச் சோலைமந்தியும் (சிங்கவால் குரங்கு) அப்படித்தான், கைக்கெட்டும் தூரம். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அதில் தாண்டும்போது எடுத்தால்தான் அழகு. சிரமம் வேறு இடத்தில்: உடம்பு கறுகறுவென்று, முகத்தைச் சுற்றிப் பிடரி வெள்ளையாக. கேமராவில் கறுப்புக்கு ஏற்ற மாதிரி வெளிச்சம் வைத்தால் பிடரி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். நான் பிடரிக்கு வைத்து எடுத்துவிட்டுக் கறுப்பை அப்புறம் கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்வேன்.

இருவாச்சிதான் என் பைத்தியம். தை பிறந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு பிளவு மட்டும் விடும். ஆண் தொண்டைக்குள் அத்திப்பழங்களை அடக்கிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். பழைய மில் இன்ஜின் மூச்சு வாங்குகிற மாதிரி இறக்கைச் சத்தம் முன்னாடியே கேட்டுவிடும், கேமராவைத் தூக்க நேரம் இருக்கிறது. கழுத்திலும் இறக்கையிலும் தெரிகிற மஞ்சள் அதன் சொந்த நிறமில்லை, வாலடிச் சுரப்பி எண்ணெயை அலகால் பூசிக்கொள்வது. கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றால் ஆண் இறங்காது, உள்ளே இருப்பது பட்டினி. அதனால் கூட்டை விட்டுவிட்டுப் பழுத்த அத்திமரத்தடியில் உட்காருகிறேன். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே கிடையாது.

கோபிக்காரர்:

நம்ம பக்கமும் சொல்லிடறேன். சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகமானது. திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு வளைவு, சிறுத்தை வளைவுச் சுவரில் ஏறிப் படுத்துக்கொள்ளும். பஸ்ஸில் விடிகாலையில் போகிறபோது பார்த்தேன். டிரைவர் லைட்டைக் குறைத்தார், அது கொட்டாவி விட்டது, அவ்வளவுதான். படம் இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். காராப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்குக் காத்து நிற்கிற யானை, உங்கள் காரையும் லாரி என்றுதான் நினைக்கும்.

திருப்பூர்க்காரர்:

அண்ணா, முதல் தடவை டாப்சிலிப் வர்றேன். தூரத்துல இருக்கிறத கிட்ட காட்டுற 600 மி.மீ. லென்ஸ் வாங்கிடலாமுங்களா?

பொள்ளாச்சிக்காரர்:

வாங்காதீங்க தம்பி, வாடகைக்கு எடுங்க. வேன் இன்ஜின் ஓடுகிறபோது 600-ல் எல்லாமே நடுங்கும். காட்டுமாடு வண்டியை ஒட்டி நிற்கும்போது கொம்பு மட்டும்தான் அதில் அடங்கும். 100-400 போதும். சின்னத் துணிப்பையில் பாதிக்கு ராகி போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். சோலைக்குள் இருட்டு, கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200 வரை கூசாமல் ஏற்றலாம். கோடையில் காட்டுத்தீ பயம் வந்தால் மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்க.