கூட்டவா, பெருக்கவா? பிள்ளைகளுக்குப் புரியவைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். பாலக்காடு கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். இப்போது நிகழ்தகவு. பத்து மாம்பழத்தில் மூன்று அழுகல். இரண்டு எடுத்தால் இரண்டும் நல்லதாக இருக்க 7/10 × 6/9, அதாவது 7/15. முதல் பழத்தைத் திரும்பப் போட்டு எடுத்தால் 49/100. எங்கள் பக்கத்து ஊரான முதலமடையின் மாம்பழத்தையே வைத்துக் காட்டியதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

'அல்லது' வந்தால்தான் தடுமாற்றம். பகடையை இருமுறை உருட்டி ஒரு தடவையாவது ஆறு விழ, 1/6 + 1/6 என்று கூட்டிவிடுகிறார்கள். இரண்டிலும் ஆறு விழும் 1/36 இருமுறை எண்ணப்படுகிறது, அதை ஒருமுறை கழித்தால் 11/36 என்றேன். "ரெண்டு ஆறு விழுந்தா நல்லதுதானே டீச்சர், ஏன் கழிக்கணும்?" என்றாள் ஒருத்தி. நியாயமான கேள்வி. 36 கட்டம் வரைந்தும் பாதிப் பேருக்குத்தான் தெளிந்தது. மாம்பழம் மாதிரி கையில் தொட்டுச் செய்யும் வழி யாருக்காவது தெரியுமா? அடுத்த வாரம் பரீட்சை.