ஆர்டிஇ விண்ணப்பம் போட்டுத் தருகிறவன் பார்த்தது

ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவச இடம் கேட்டு விண்ணப்பித்த பெற்றோர் பலர் தங்கள் அனுபவத்தை எழுதியிருக்கிறீர்கள், நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். கோடை வந்தால் தனியார் பள்ளியின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க வருபவர்கள்தான் கடையில் பாதிக் கூட்டம். பிறப்புச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி வைத்திருப்பார்கள்.

வந்ததும் ஊரில் பேர் பெற்ற கான்வென்ட்டின் பெயரைத்தான் சொல்வார்கள். அது சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி, 2014-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இந்தச் சட்டமே அதற்குப் பொருந்தாது என்றால், வேலை பார்க்கச் சோம்பல்பட்டுத் தட்டிக் கழிக்கிறேன் என்று நினைப்பார்கள். அப்புறம் முகவரியைப் போட்டால், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள் மட்டும் திரையில் வரும். வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அக்கா அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்க தெருப் பக்கம் இருக்கறதுதானே தம்பி, நான் வேலை செய்யற வீட்டுப் பக்கத்துல இருக்கே, அதைப் போடு" என்றார். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருப்பவர், அந்தப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் எங்கே போய் வாடகைக்கு வீடு பிடிப்பது? பெற்றோருக்குத் தேர்வு செய்யும் உரிமை என்று டிவியில் பேசுபவர்கள் யாரும் இந்தத் திரையைப் பார்த்ததில்லை போல.

குலுக்கலில் இடம் கிடைத்தாலும் செலவு விடுவதில்லை. ஒரு தகப்பனார் துண்டுச்சீட்டு ஒன்றைக் காட்டினார்: நோட்டு, சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் என்று பேனாவில் எழுதிக் கீழே மொத்தம் போட்டிருந்தது, பள்ளி பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. பள்ளிக்காரர்களைக் கேட்டால், இந்தப் பிள்ளைகளின் கட்டணத்துக்காக அரசு தர வேண்டிய பணம் வர வருஷக்கணக்காகிறது என்பார்கள், அதுவும் பொய்யில்லை.

இதெல்லாம் போகட்டும், 2025-தான் உச்சம். மத்திய நிதி வராமல் இழுத்தடித்து, ஜூனில் பள்ளி திறந்து அக்டோபரில்தான் சேர்க்கையே ஆரம்பித்தார்கள். அதுவும் ஏற்கெனவே அந்தந்தப் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளிலிருந்து. அதாவது கடனோ உடனோ வாங்கி முன்பணம் கட்டியவருக்குத்தான் இலவச இடம், அறிவிப்பு வரும் என்று காத்திருந்தவருக்கு ஒன்றுமில்லை. கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சொன்னார்களே, உங்களில் யாருக்காவது முழுசாகக் கைக்கு வந்ததா?