எஸ்.ஏ.பி. விஷுவல் கம்போசர் ஓட்டை: பேட்ச் போட்ட பிறகு என்ன பார்த்தீர்கள்?

பேசிஸ்_சென்னை:
2025 ஏப்ரல் 24 அன்று, நிறுவனங்களின் கணக்கு, கொள்முதல் வேலைகளுக்கு மென்பொருள் தரும் எஸ்.ஏ.பி. அவசரமாக வெளியிட்ட 3594142 நோட்டை (பாதுகாப்புத் திருத்த அறிவிப்பு) பேசிஸ் வேலை, அதாவது எஸ்.ஏ.பி. சர்வர் நிர்வாகம் பார்க்கும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எஸ்.ஏ.பி.யின் சர்வர் மென்பொருளான நெட்வீவர் ஜாவாவில், திரைகளை வடிவமைக்கும் விஷுவல் கம்போசர் என்ற பழைய கருவியில் இருந்த ஓட்டை அது. அதன் மெட்டாடேட்டா அப்லோடர் முகவரிக்கு யார் கோப்பு அனுப்பினாலும், லாகின் செய்தவரா என்று கூடக் கேட்காமல் சர்வர் வாங்கி வைத்துக்கொள்ளும். அனுப்பியது ஜே.எஸ்.பி. கோப்பு (சர்வரில் ஓடும் ஜாவா பக்கம்) என்றால் பிரவுசரில் திறந்தாலே ஓடும், அதுவும் எஸ்.ஏ.பி. சிஸ்டத்தையே நடத்தும் எஸ்.ஐ.டி.-ஏ.டி.எம். யூசரின் உரிமையோடு. டேட்டாபேஸ் வரை போகலாம். தீவிர மதிப்பெண் 10-க்கு 10.

நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனம் சப்ளையர்களுக்காக போர்ட்டலை இணையத்தில் திறந்து வைத்திருந்தது. "விஷுவல் கம்போசரை நாங்கள் பயன்படுத்துவதே இல்லையே" என்றார்கள். சிஸ்டம் இன்ஃபோ பக்கத்தைத் திறந்தால் வி.சி. ஃபிரேம்வொர்க் (விஷுவல் கம்போசரின் பகுதி) பட்டியலில் இருக்கிறது. எப்போதோ யாரோ நிறுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று இரவே பேட்ச் போட்டோம். கிளம்பும் நேரத்தில் எங்கள் லீட் கேட்டார்: "பேட்ச் போட்டாச்சு, சரி. அதுக்கு முன்னாடி யாராவது வந்துட்டுப் போனாங்களான்னு பார்த்தீங்களா?"

போர்ட்டலின் கோப்புகள் இருக்கும் ஐ.ஆர்.ஜே. ரூட் ஃபோல்டரைப் பார்த்தோம். எல்லாக் கோப்புகளும் பல வருடம் பழையவை. நடுவில் ஒரு சின்ன ஜே.எஸ்.பி. மட்டும் ஏப்ரல் தேதியில். ஓனர் அதே எஸ்.ஐ.டி.-ஏ.டி.எம். என்பதால் தேதியைக் கவனிக்காவிட்டால் கண்ணில் பட்டிருக்காது. உள்ளே சில வரிகள்தான். வெளியிலிருந்து வரும் கட்டளையை வாங்கி ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுக்கும் வெப் ஷெல். நாங்கள் போட்ட பேட்ச் அதைத் தொடவே இல்லை.

உங்களில் எத்தனை பேர் இப்படித் தேடிப் பார்த்தீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.

கோவை_நெட்வொர்க்:
எங்களுக்கு மாதக் கடைசி. டவுன்டைம் கிடைக்கவில்லை. அதனால் வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைச் சர்வருக்கு அனுப்பும் வெப் டிஸ்பேச்சரில், டெவலப்மென்ட்சர்வர் என்று தொடங்கும் முகவரிகள் (அப்லோடர் முகவரியும் அதில்தான்) அத்தனையையும் மறித்தோம். மொபைல் டேட்டாவில் சோதித்தால் 403, அதாவது அனுமதி மறுப்பு வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் அலுவலக நெட்வொர்க்கிலிருந்து ஜாவா சர்வரின் 50000 போர்ட்டுக்கு நேராகப் போய்ப் பார்த்தேன், கதவு திறந்தே கிடந்தது! டிஸ்பேச்சர் வழியாக வருபவரை மட்டும்தானே தடுத்திருக்கிறோம். உள்ளே ஒரு லேப்டாப்பில் வைரஸ் இருந்தாலே போதும். ஃபயர்வாலில் அந்த போர்ட்டையும் மூடிய பிறகுதான் மாதக் கணக்கு முடியும்வரை காத்திருக்க ஒப்புக்கொண்டேன்.

இன்னொன்று. வெப் ஷெல் கிடைத்தால் பதறிப்போய் உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் சர்வரை நெட்வொர்க்கிலிருந்து துண்டியுங்கள். கோப்பையும் ஹெச்.டி.டி.பி. அக்சஸ் லாகையும் பிரதி எடுத்து வையுங்கள். அப்லோடர் முகவரிக்கு வந்த போஸ்ட் (கோப்பு அனுப்பும் கோரிக்கை) வரிகளில்தான் வந்தவனின் ஐ.பி.யும் நேரமும் இருக்கும்.

துபாய்_ஆடிட்:
ஏப்ரல் பேட்சோடு நிறுத்தியவர்கள் கவனிக்க: மே 13 அன்று 3604119 நோட் வந்தது. அதே கருவியில் டிசீரியலைசேஷன் ஓட்டை (வெளியிலிருந்து வரும் தரவைச் சரிபார்க்காமல் பிரித்து ஏற்பது), தீவிர மதிப்பெண் 9.1. இரண்டும் வேண்டும். செய்தி வெளிவந்த பிறகு வந்த இரண்டாவது தாக்குதல் கூட்டம் புதிதாக எதையும் உடைக்கவில்லை, முதலில் வந்தவர்கள் விட்டுப்போன வெப் ஷெல்களையே தேடிப் பிடித்துப் பயன்படுத்தியது என்று எஸ்.ஏ.பி. பாதுகாப்பு நிறுவனமான ஆனாப்சிஸ் எழுதியிருந்தது. ஒருவன் உள்ளே வந்திருந்தான் என்று தெரிந்தால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஆர்.எஃப்.சி. டெஸ்டினேஷன் (மற்ற சிஸ்டங்களோடு இணைக்கும் அமைப்பு) பாஸ்வேர்டு, சர்வீஸ் யூசர்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இங்கே ஒரு இடத்தில் அதைச் செய்யச் சொல்லி நான் சண்டை போட வேண்டியிருந்தது.

பேசிஸ்_சென்னை:
நன்றி அண்ணா. நாங்களும் பாஸ்வேர்டுகளை மாற்றினோம். பேக்கப்பிலிருந்து மீட்பதில்தான் பெரிய வாக்குவாதம். மார்ச் மாதமே தாக்குதல் நடந்திருக்கிறது என்று மாண்டியன்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொல்லியிருந்ததால், எந்தத் தேதி பேக்கப்பை நம்புவது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைசியில் புது சர்வரில் முதலிலிருந்து நிறுவினோம். விஷுவல் கம்போசர் இல்லாமல்.