கிளுவை வேலியை எந்த மாதத்தில் கழித்துவிடலாம்?

கேள்வி:
வணக்கம். தாராபுரம் பக்கம் எங்களுக்குக் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. அதைச் சுற்றித் தாத்தா காலத்துக் கிளுவை வேலி நிற்கிறது. வண்டிப்பாதை வரை சாய்ந்துவிட்டதால், வைகாசியில் பெய்த மழைக்குப் பிறகு ஆள் வைத்துக் கழிக்கத் தொடங்கினோம். முப்பது அடி போவதற்குள், இடுப்பு உயரக் கவட்டையில் ஒரு கொண்டைக்குருவிக் கூடு தெரிந்தது. அதில் மூன்று முட்டைகள். வெளிர் இளஞ்சிவப்பு ஓட்டில் செந்நிறப் பொட்டுகள். உடனே வேலையை நிறுத்திவிட்டேன். கூட்டைத் தள்ளி வைக்கலாமா? இனி எப்போது கழிப்பது?

பதில் 1:
தயவுசெய்து கூட்டைத் தொடாதீர்கள். இடம் மாற்றினால் தாய்ப்பறவை பெரும்பாலும் திரும்பாது. கொண்டைக்குருவி அடைகாக்க ஏறத்தாழ 14 நாளும், குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேற மேலும் இரண்டு வாரமும் ஆகும். அதுவரை கூட்டுக்கு இருபுறமும் பதினைந்து அடி விட்டுவிடுங்கள். கூடு அரிவாளுக்குத் தப்பினாலும், மறைவு போய்விட்டால் காகமும் வால்காக்கையும் எளிதில் கண்டுகொள்ளும் என்பதுதான் என் பெரிய கவலை. வெட்டிய முள்கிளைகள் இரண்டை ஒரே முறையில் சாய்த்து வைத்துவிட்டு விலகிவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் குலைப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது என்பதை வேலையாட்களிடமும் சொல்லுங்கள்.

பதில் 2:
கிளுவை இலையுதிர்த்து நிற்கும் தை, மாசியில் கழிப்பதே நல்லது. வெறுங்கிளையில் கூடு இருந்தால் கண்ணுக்குத் தெரியும், கூடு கட்டும் பறவைகளும் அப்போது குறைவு. ஆனால் மாதத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. தவிட்டுப்புறா ஆண்டின் எந்த மாதத்திலும் முட்டையிடக்கூடியது என்பதால், அரிவாள் வைப்பதற்கு முன் ஒருவர் வேலியோரமாக மெதுவாக நடந்து, பறவை எங்கிருந்து எழுகிறது, எங்கே இரையோடு நுழைகிறது என்று பார்க்க வேண்டும். முழு வேலியையும் ஒரே ஆண்டில் கழிக்காமல் மூன்றில் ஒரு பங்காகச் செய்தால், எப்போதும் அடர்ந்த பகுதி மிஞ்சியிருக்கும். வேலியடிப் புல்லுக்குத் தீ வைக்கும் வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. கௌதாரி அந்தப் புதர் மறைவில்தான், தரையில் குழி பறித்து முட்டையிடுகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்றே முள்ளைச் சாய்த்து வைத்தேன். பொழுது சாய்வதற்குள் தாய்ப்பறவை கூட்டில் வந்து அமர்ந்துவிட்டது. பாதைப் பக்கத்தை மட்டும் தையில் கழிக்கிறோம், மற்ற பக்கங்களை அடுத்தடுத்த ஆண்டுகளில் பார்த்துக்கொள்கிறோம்.